சமூக அறிவியல் படிக்கச் சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியா, பெரிய பல்கலைக்கழகமா?

மார்ச் கடைசிக்குள் அமெரிக்கக் கல்லூரிகளின் சேர்க்கை முடிவுகள் பெரும்பாலும் வந்துவிடும். மே 1-க்குள் ஓரிடத்தில் முன்பணம் கட்டியாக வேண்டும். நடுவில் கிடைக்கும் அந்த ஒரு மாதத்தில்தான் பலரும் திணறுகிறார்கள். கையில் மூன்று கடிதங்கள். ஒன்று, சின்ன ஊரில் 1,800 பேர் படிக்கும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி. இன்னொன்று, 40,000 பேர் படிக்கும் மாநிலப் பல்கலைக்கழகம். மூன்றாவது, அப்படியொரு பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயே, தேர்ந்தெடுத்த மாணவர்களுக்காக இயங்கும் ஹானர்ஸ் கல்லூரி. படிக்க நினைப்பது பொருளாதாரம், சமூகவியல், மானிடவியல், அரசியல் அறிவியல், உளவியல் இவற்றில் ஒன்று. எதைப் பிடிப்பது?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இங்கே 'லிபரல்' என்பதற்கும் அரசியல் சாய்வுக்கும் தொடர்பில்லை. 'ஆர்ட்ஸ்' என்றால் ஓவியம், இசை மட்டுமல்ல. இயற்பியலும் கணிதமும் அங்கே உண்டு. பெரும்பாலும் இளநிலைப் பட்டம் மட்டுமே தரும், ஆயிரம் முதல் மூவாயிரம் பேர் வரை விடுதியில் தங்கிப் படிக்கும் கல்லூரி என்று புரிந்துகொண்டால் போதும். பல இடங்களில் செமஸ்டருக்கு நான்கு பாடம், எட்டு செமஸ்டரில் 32 பாடம் என்பது கணக்கு. அதில் மேஜருக்கு, அதாவது நீங்கள் தேர்ந்தெடுக்கும் முதன்மைத் துறைக்கு, மூன்றில் ஒரு பங்கு போகும். மிச்சம் வேறு துறைகளில்.

## எதை வைத்து எடை போடுவது

கல்லூரிகளை ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். துறைகளை ஒப்பிடுங்கள். ஒரே கல்லூரியில் அரசியல் அறிவியல் பத்துப் பேராசிரியர்களோடு செழிப்பாக இருக்கும். மானிடவியல் மூன்று பேரோடு மூச்சு வாங்கும். துறைக்குள் பார்க்க வேண்டியவை இவை:

- நீங்கள் எழுதும் கட்டுரையைப் படித்துத் திருத்துவது யார்?
- புள்ளியியல், கருத்தாய்வு, நேர்காணல், களப்பணி போன்ற ஆய்வுமுறைப் பாடங்கள் ஒவ்வோர் ஆண்டும் நடக்கின்றனவா?
- மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் எடுக்கப் போதுமான உயர்நிலைப் பாடங்கள் உண்டா?
- சொந்தமாக ஓர் ஆய்வு செய்து முடிக்க நேரமும் வழிகாட்டியும், அதில் பங்கேற்க ஆட்களும் கிடைப்பார்களா?
- நான்கு ஆண்டுக்கும் சேர்த்துக் கைப்பணம் எவ்வளவு?
- பட்டத்துக்குப் பிறகு வேலை, விசா, பிஎச்டி எப்படி?

முதல் இரண்டுக்கும் அதிக எடை கொடுங்கள். சமூக அறிவியலில் கடைசியில் கையில் நிற்பவை இரண்டு திறன்கள்: தரவைக் கையாள்வது, வாதத்தைக் கோவையாக எழுதுவது.

## சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி

இதன் உண்மையான பலம் எழுத்தில் இருக்கிறது. முதுநிலை மாணவர்கள் இல்லாததால் பாடம் நடத்துவது, கட்டுரை திருத்துவது, பரிந்துரைக் கடிதம் எழுதுவது எல்லாம் பேராசிரியரே. பதினைந்து பேர் உள்ள வகுப்பில் ஒரு செமஸ்டருக்கு மூன்று நான்கு கட்டுரைகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் விரிவான குறிப்பு வாங்க முடியும்.

சில கல்லூரிகள் இதை ஒரு முறையாகவே வைத்திருக்கின்றன. வில்லியம்ஸ் கல்லூரியின் டியூட்டோரியல் வகுப்பில் இரண்டு மாணவர்கள் ஜோடியாக வாரம் ஒருமுறை பேராசிரியரைச் சந்திப்பார்கள். ஒருவர் ஐந்து முதல் ஏழு பக்கக் கட்டுரையோடு வருவார். மற்றவர் அதைத் துருவி விமர்சிப்பார். அடுத்த வாரம் இடம் மாறும். சுவார்த்மோரின் ஹானர்ஸ் திட்டம் 1922-இல் ஆக்ஸ்ஃபோர்டு முறையைப் பார்த்துத் தொடங்கப்பட்டது. சிறு செமினார்களில் படித்துவிட்டு, கடைசியில் வெளிக் கல்லூரிகளிலிருந்து வரும் தேர்வாளர்களிடம் எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் கொடுக்க வேண்டும். ரீட் கல்லூரியில் எந்த மேஜராக இருந்தாலும் கடைசி ஆண்டு முழுக்க ஒரு தீசிஸ் (ஆய்வேடு) எழுதாமல் பட்டம் கிடையாது.

இனி இடிக்கும் இடங்கள். முதலாவது, பாடப்பட்டியல். கல்லூரியின் பாடக் கையேட்டில் ஒரு துறைக்கு 40 பாடங்கள் இருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆறு பேராசிரியர்கள் உள்ள துறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சபாட்டிகல் எனப்படும் ஆய்வு விடுப்பில். இன்னொருவர் நிர்வாகப் பொறுப்பில் அல்லது மாணவர்களோடு வெளிநாட்டில். மிச்சம் நான்கு பேர், ஆண்டுக்கு ஆளுக்கு ஐந்து பாடம் என்றால் மொத்தம் 20. அறிமுக வகுப்புகள், கோட்பாடு, ஆய்வுமுறை, கடைசி ஆண்டு செமினார் எல்லாம் சேர்ந்து எட்டு ஒன்பதை எடுத்துக்கொள்ளும். உங்கள் விருப்பத்துக்கு விடப்படுபவை பதினொன்று பன்னிரண்டு. அதிலும் சில ஒரே நேரத்தில் நடக்கும்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. ஆய்வுமுறைப் பாடம் ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் வசந்தகால செமஸ்டரில் மட்டும் நடக்கிறது என்று வையுங்கள். மூன்றாம் ஆண்டு வசந்தத்தில் நீங்கள் வெளிநாட்டுப் படிப்புக்குப் போய்விட்டால், அந்தப் பாடத்தைக் கடைசி செமஸ்டரில்தான் படிப்பீர்கள். அதாவது தீசிஸை எழுதி முடிக்கும் நேரத்தில், தீசிஸ் எழுதுவது எப்படி என்று கற்றுக்கொள்வீர்கள். இது ஏட்டளவில் சொல்லும் ஆபத்தல்ல. திட்டமிடாதவர்கள் வழக்கமாக விழும் குழி. இரண்டாம் ஆண்டிலேயே ஆய்வுமுறையை முடித்துவிடுவதுதான் வழி.

மூன்றாவது, சின்ன வளாகமே ஆய்வுக்குத் தடையாவது. உளவியலில் இரண்டு குழுக்களை ஒப்பிட்டு நடுத்தர அளவு வேறுபாட்டை 80 சதவீத வாய்ப்போடு கண்டறியக் குழுவுக்கு 64 பேர், மொத்தம் 128 பேர் வேண்டும். அறிமுக உளவியல் வகுப்பில் அறுபது பேரே இருக்கும் கல்லூரியில் மூன்று மாணவர்கள் ஒரே சமயத்தில் தீசிஸ் செய்தால் அதே அறுபது பேரைத்தான் மூவரும் சுற்றி வருவார்கள். நேர்காணல் ஆய்விலோ சிக்கல் வேறு. "இரண்டாம் ஆண்டு, வெளிநாட்டு மாணவி, தத்துவ மேஜர்" என்று எழுதினால் 1,800 பேர் உள்ள வளாகத்தில் அது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெயரை மறைத்தும் பயனில்லை. அதனால் வளாகத்துக்கு வெளியே ஆய்வுக்களம் தேடுவது நல்லது. அதற்குப் பேருந்து உள்ள ஊரா என்பதும் கேள்வி.

மனிதர்களிடம் தகவல் திரட்டும் ஆய்வுக்கு ஐஆர்பி எனப்படும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். சிறிய கல்லூரிகளில் இந்தக் குழு பெரும்பாலும் செமஸ்டர் நடக்கும்போது மட்டுமே கூடும். மூன்றாம் ஆண்டு ஏப்ரலில் விண்ணப்பித்தால் கோடையில் நேர்காணல் எடுக்கலாம். செப்டம்பரில் விண்ணப்பித்துத் திருத்தம் கேட்டுத் திரும்பி வந்தால், நவம்பரில்தான் முதல் நேர்காணல். தீசிஸ் ஏப்ரலில் கொடுக்க வேண்டும். மிச்சத்தை நீங்களே கணக்குப் போடலாம்.

அகலம் குறைவு என்ற குறையைக் கூட்டமைப்புகள் ஓரளவு தீர்க்கின்றன. பொமோனா, ஸ்கிரிப்ஸ், கிளேர்மான்ட் மெக்கென்னா, பிட்ஸர், ஹார்வி மட் ஐந்தும் ஒட்டி ஒட்டி நிற்கும் கிளேர்மான்ட் கல்லூரிகள். நடந்தே அடுத்த கல்லூரி வகுப்புக்குப் போகலாம். ஆமர்ஸ்ட், ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் மாணவர்கள் பக்கத்திலுள்ள மாசசூசெட்ஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆமர்ஸ்ட் வளாகத்தில் பாடம் எடுக்கலாம். சுவார்த்மோர், ஹேவர்ஃபோர்ட், பிரின் மார் மூன்றும் ஒரு கூட்டு. தனியாக நிற்கும் கல்லூரிக்கும் கூட்டமைப்பில் உள்ள கல்லூரிக்கும் வித்தியாசம் நிறைய. ஆனால் போகவர ஆகும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். நாற்பது நிமிடப் பேருந்துப் பயணம் என்றால் குளிர்காலத்தில் அந்தப் பாடத்தைக் கைவிடுபவர்களே அதிகம்.

இன்னொரு கண்ணி, விசிட்டிங் பேராசிரியர்கள். ஒன்று முதல் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் வருவார்கள். நன்றாகவே கற்பிப்பார்கள். ஆனால் நீங்கள் பிஎச்டிக்கு விண்ணப்பிக்கும்போது அவர் வேறு மாநிலத்தில், வேறு வேலையில் இருக்கலாம். பரிந்துரைக் கடிதம் அப்போதும் எழுதுவார். தீசிஸுக்கு வழிகாட்ட முடியாது.

## பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம்

இங்கே முதல் இரண்டு ஆண்டுகள் வறண்டவை என்று ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும். அறிமுக உளவியலும் அறிமுகப் பொருளாதாரமும் முந்நூறு பேர் அரங்கில். வாரம் ஒருமுறை இருபது இருபத்தைந்து பேராகப் பிரித்து முதுநிலை மாணவரான டிஏ (கற்பித்தல் உதவியாளர்) ஒருவர் விவாத வகுப்பு நடத்துவார். கட்டுரையை மதிப்பிடுவதும் அவர்தான். நல்ல டிஏ அமைந்தால் அதிர்ஷ்டம். சில பல்கலைக்கழகங்களில் பொருளாதார மேஜருக்குள் நுழையவே அறிமுகப் பாடங்களில் குறிப்பிட்ட மதிப்பெண் சராசரி வேண்டும். சேர்க்கைக் கடிதம் வந்தது, மேஜரும் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

மூன்றாம் ஆண்டில் படம் மாறுகிறது. சிறிய கல்லூரியில் ஒரே ஒரு எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவுக்கான புள்ளியியல்) பாடம் இருக்கும் இடத்தில் இங்கே மூன்று நான்கு. தொல்லியல், உயிரியல் மானிடவியல், மொழி மானிடவியல், பண்பாட்டு மானிடவியல் என மானிடவியலின் நான்கு கிளைகளுக்கும் ஆள் இருப்பார்கள். பல சிறிய கல்லூரிகளில் மானிடவியல் என்றால் பண்பாட்டு மானிடவியல் மட்டும்தான். சமூகவியலோடு ஒரே துறையாகவும் இருக்கும். முதுநிலைப் பாடங்களையும் அனுமதியோடு எடுக்கலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1949 முதல் இயங்கும் சமூக ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் கருத்தாய்வு எப்படி வடிவமைக்கப்படுகிறது என்பதை உள்ளிருந்தே பார்க்கலாம். உளவியல் ஆய்வுக்கு ஆட்களும் ஆயிரக்கணக்கில்.

ஆனால் இவை எதுவும் தானாக வராது. ஆய்வு உதவியாளர் வேலைக்கு இரண்டாம் ஆண்டிலேயே மின்னஞ்சல் அனுப்பத் தொடங்க வேண்டும். ஆர் அல்லது ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருள் கொஞ்சம் தெரிந்தவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பேராசிரியரின் அலுவலக நேரத்தில் போய் உட்காரக் கூச்சப்படுபவர் நான்கு ஆண்டு கழித்தும் மூன்று பரிந்துரைக் கடிதங்களுக்கு அலைவார். கூச்சம் இங்கே உண்மையான செலவு.

## ஹானர்ஸ் கல்லூரி

பென் ஸ்டேட்டின் ஷ்ரையர், அரிசோனா ஸ்டேட்டின் பாரெட், ஓரிகன் பல்கலைக்கழகத்தின் கிளார்க் இந்த வகை. சிறு செமினார்கள், பாடப்பதிவில் முன்னுரிமை, தனி விடுதி, கடைசியில் தீசிஸ். முன்னுரிமைப் பதிவைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். நிரம்பி வழியும் ஆய்வுமுறைப் பாடத்தில் இடம் கிடைப்பது அதனால்தான்.

விளம்பரத்தில் சொல்லாதது ஒன்று உண்டு. சிறு வகுப்புகள் பெரும்பாலும் பொதுப் பாடங்களுக்குத்தான். உங்கள் மேஜர் பாடங்கள் அதே பெரிய துறையில், அதே முந்நூறு பேர் அரங்கில். சில இடங்களில் தனிக் கட்டணமும் உண்டு. தீசிஸுக்கு வழிகாட்டியை நீங்களே தேட வேண்டும். மதிப்பெண் சராசரி குறைந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். உதவித்தொகை அதோடு பிணைக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

## பணம்

தனியார் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் பலவற்றில் கட்டணம், விடுதி, உணவு எல்லாம் சேர்ந்த அறிவிப்பு விலை ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. அந்த விலையைப் பார்த்து ஓடிவிட வேண்டாம். அதை நம்பித் துணியவும் வேண்டாம். பார்க்க வேண்டியது நிகர விலை, அதாவது உதவித்தொகை போக நீங்கள் கட்டுவது.

மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் மலிவு என்பது அந்த மாநிலத்தவர்க்குத்தான். வெளிமாநிலத்தவரும் வெளிநாட்டவரும் மிக அதிகமாகக் கட்டுவார்கள். குடும்பத்தின் பண நிலையைப் பார்த்துத் தரும் தேவை அடிப்படை உதவி அங்கே வெளிநாட்டு மாணவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை. மாறாக, வளமான லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் ஆமர்ஸ்ட், போடின் போன்ற சில, வெளிநாட்டு மாணவரின் பண நிலையைப் பாராமலேயே சேர்க்கை முடிவு எடுத்து, கணக்கிட்ட தேவை முழுவதையும் ஈடு செய்கின்றன. மற்றவை தேவையைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். உதவிக்குப் பெரும்பாலும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற நிதிநிலைப் படிவத்தை நிரப்ப வேண்டும்.

மதிப்பெண்ணுக்கும் திறமைக்கும் தரும் தகுதி உதவித்தொகையில் ஒரு கணக்குப் பிழை அடிக்கடி நடக்கிறது. மொத்தச் செலவு முதல் ஆண்டு 90,000 டாலர், உதவித்தொகை 30,000 என்று வையுங்கள். செலவு ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினால் நான்காம் ஆண்டு 1,01,238 டாலர். உதவித்தொகை அதே 30,000-இல் நிற்கும். முதல் ஆண்டு 60,000 கட்டியவர் கடைசி ஆண்டு 71,238 கட்டுவார். நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 2,62,182. நாலு அறுபது 2,40,000 என்று நினைத்தவருக்கு 22,000 டாலர் துண்டு விழும்.

அறிவிப்பில் வராதவை: மருத்துவக் காப்பீடு, குளிர்கால விடுமுறையில் விடுதி மூடினால் தங்குமிடம், தொலைவான ஊருக்கு விமான நிலையத்திலிருந்து வண்டி, கனத்த கோட்டும் காலணியும்.

சிறிய கல்லூரிகளுக்கு மட்டும் இன்னொரு ஆபத்து உண்டு: கல்லூரியே மூடப்படுவது. நியூயார்க் மாநிலத்தின் வெல்ஸ் கல்லூரி 2024 ஏப்ரல் இறுதியில் அறிவித்து அந்த செமஸ்டரோடு மூடியது. பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரி 2024 மே 31-இல் மூடியது. மிகவும் பணக்காரக் கல்லூரிகளுக்கு இந்தக் கவலை இல்லை. மற்றவற்றில் ஐந்தாண்டு மாணவர் எண்ணிக்கை, அங்கீகார அமைப்பின் எச்சரிக்கை, அமெரிக்கக் கல்வித் துறையின் நிதிப் பொறுப்பு மதிப்பெண் மூன்றையும் பாருங்கள். அந்த மதிப்பெண் மைனஸ் 1 முதல் 3 வரை, 1.5-க்குக் கீழே என்றால் யோசிக்க வேண்டும்.

## பட்டத்துக்குப் பிறகு

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் பட்டம் முடித்தவருக்கு ஓபிடி என்ற 12 மாத வேலை அனுமதி உண்டு. ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பானால் இன்னும் 24 மாதம். பொருளாதாரத்தில் இந்த வித்தியாசம், ஒவ்வொரு படிப்புக்கும் உள்ள அரசுக் குறியீட்டின் ஓர் எண்ணில் இருக்கிறது. பொதுப் பொருளாதாரத்தின் குறியீடு 45.0601 ஸ்டெம் இல்லை. எகனாமெட்ரிக்ஸ் மற்றும் அளவியல் பொருளாதாரம் 45.0603 ஸ்டெம். ஒரே பாடங்களைப் படித்த இருவரில் ஒருவருக்கு ஓராண்டும் மற்றவருக்கு மூன்றாண்டும் கிடைப்பது இதனால்தான். துறையின் குறியீட்டைப் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விதிகள் மாறக்கூடியவை என்பதால் சர்வதேச மாணவர் அலுவலகத்திலும் உறுதி செய்யுங்கள். சமூகவியலுக்கும் அரசியல் அறிவியலுக்கும் பொதுவாக இந்த நீட்டிப்பு இல்லை.

பொருளாதார பிஎச்டிக்கு நேரியல் இயற்கணிதம், பன்மாறி நுண்கணிதம், ரியல் அனாலிசிஸ் என்ற உயர்கணிதப் பாடம் மூன்றும் வேண்டும். சிறிய கல்லூரியில் ரியல் அனாலிசிஸ் ஒன்றுவிட்டு ஓராண்டு நடந்தால் அதற்கேற்ப முதல் ஆண்டிலேயே திட்டமிட வேண்டும். சமூகவியல், மானிடவியல் பிஎச்டிக்கு எழுத்து மாதிரியும் உங்களை நன்கறிந்தவரின் கடிதமும் முக்கியம். அங்கே சிறிய கல்லூரி சற்று முந்துகிறது.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | சிறிய கல்லூரி | பெரிய பல்கலைக்கழகம் | ஹானர்ஸ் கல்லூரி |
|---|---|---|---|
| கட்டுரை திருத்துவது | பேராசிரியர் | முதலில் டிஏ, பிறகு பேராசிரியர் | கலவை |
| ஆய்வுமுறைப் பாடம் | அரிதாக, சிறு வகுப்பில் | அடிக்கடி, பெரிய வகுப்பில் | அடிக்கடி, பதிவில் முன்னுரிமை |
| உயர்நிலைப் பாட அகலம் | குறைவு | மிக அதிகம் | மிக அதிகம் |
| ஆய்வுக்கு ஆட்கள் | சிரமம் | எளிது | எளிது |
| வெளிநாட்டவர்க்குத் தேவை உதவி | சிலவற்றில் தாராளம் | அரிது | அரிது. தகுதி உதவி உண்டு |

எழுத்து, கோட்பாடு, நேர்காணல் பக்கம் சாய்பவர்க்கும், எதை மேஜராக எடுப்பது என்று தெரியாதவர்க்கும், தேவை முழுவதும் ஈடாகும் உதவி கிடைத்தவர்க்கும் சிறிய கல்லூரி. தொல்லியல், பரிசோதனை உளவியல், கணிதம் கனத்த பொருளாதாரம் என்று ஏற்கெனவே தெளிவாக இருப்பவர்க்குப் பெரிய பல்கலைக்கழகம். புவியியல் என்றாலும் அதுவே. மக்காலெஸ்டர், மிடில்பரி போன்ற சிலவற்றைத் தவிர்த்தால் சிறிய கல்லூரிகளில் அந்தத் துறை அபூர்வம். ஹானர்ஸ் கல்லூரி, அந்த மாநிலத்தவர்க்குப் பல நேரம் மிகச் சிறந்த பேரம். வெளிநாட்டவர் பெரிய தகுதி உதவித்தொகை இல்லாமல் அதற்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

## முன்பணம் கட்டும் முன் ஒரு மாலை வேலை

1. கையேட்டை விடுங்கள். கடந்த நான்கு செமஸ்டர் வகுப்பு அட்டவணையை எடுத்து, உங்கள் துறையில் உண்மையில் நடந்த உயர்நிலைப் பாடங்களை எண்ணுங்கள். ஆய்வுமுறைப் பாடம் எத்தனை முறை நடந்தது என்று தனியாகக் குறியுங்கள்.

2. துறையின் ஆசிரியர் பட்டியலில் 'விசிட்டிங்', 'விடுப்பில்' என்று உள்ளவர்களைக் கழியுங்கள். நான்குக்குக் கீழே போனால் எச்சரிக்கை.

3. 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தைத் தேடுங்கள். பல கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அதில் ஐ-3 வகுப்பு அளவு, எச்-6 வெளிநாட்டவர் நிதியுதவி, ஜே எந்தத் துறையில் எத்தனை சதவீதப் பட்டங்கள். சராசரி வகுப்பு அளவை நம்பாதீர்கள். பத்துப் பேர் உள்ள ஒன்பது வகுப்பும் முந்நூறு பேர் உள்ள ஒரு வகுப்பும் சேர்ந்தால் சராசரி 39 வரும். ஆனால் மொத்த 390 இருக்கைகளில் 300 அந்த ஒரே அரங்கில்.

4. நூலகத்தின் தரவுப் பக்கத்தில் ஐசிபிஎஸ்ஆர் உறுப்பினரா என்று பாருங்கள். 1962-இல் தொடங்கிய, மிச்சிகனில் இயங்கும் இந்தத் தரவுக் காப்பகத்தில் உறுப்பினராக உள்ள சிறிய கல்லூரியில், ஆட்களைத் திரட்ட முடியாதவர்கூட ஏற்கெனவே திரட்டிய கருத்தாய்வுத் தரவை வைத்து நல்ல தீசிஸ் எழுதலாம்.

5. துறைத் தலைவருக்கு மூன்றே கேள்விகளோடு மின்னஞ்சல்: அடுத்த இரண்டு ஆண்டுகளில் யார் யார் விடுப்பில் போகிறார்கள்? ஆய்வுமுறைப் பாடம் எந்த செமஸ்டரில்? சென்ற ஆண்டு எத்தனை பேர் தீசிஸ் எழுதினார்கள், தலைப்புகள் என்ன? சிறிய கல்லூரியில் ஒரு வாரத்துக்குள் பேராசிரியரே பதில் போட வேண்டும். அங்கிருந்தும் சேர்க்கை அலுவலகத்தின் அச்சடித்த பதில்தான் வந்தால், நீங்கள் காசு கொடுக்கப்போகும் அந்த நெருக்கம் அந்தத் துறையில் இல்லை.

6. நிதியுதவி இடித்தால் மறுபரிசீலனைக்கு ஏப்ரல் முதல் பாதியிலேயே எழுதுங்கள். வேறு கல்லூரியின் உதவிக் கடிதத்தையும், விண்ணப்பித்த பிறகு வருமானத்தில் ஏற்பட்ட மாற்றத்துக்கான ஆவணத்தையும் இணைக்க வேண்டும். தேவை அடிப்படையில் உதவும் கல்லூரிகள் இரண்டாவதை மதிக்கும். முதலாவதைக் காட்டி அசைக்கக்கூடியது பெரும்பாலும் தகுதி உதவித்தொகையைத்தான்.